நமக்கு ஒரு நியாயம், வீட்டுக்காரிக்கு ஒரு நியாயமா?

ரெயில்வேயில் வேலை பார்க்கும் எவரிடமும் "பதினொன்று வந்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும். "ஐந்து வந்திருக்கிறது" என்றால் அன்று சோறே இறங்காது. பதினொன்று என்பது சிறு தண்டனைக்கான நோட்டீசுப் படிவம். ஐந்து என்பது பெரும் தண்டனைக்கான குற்றச்சாட்டுப் படிவம். இரண்டுமே 1968-ம் ஆண்டு ரெயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி கொடுக்கப்படுபவை.

நான் ஒரு சாதாரண குமாஸ்தா. படிப்பு மெட்ரிக்குலேசனோடு சரி. ஆனாலும் நாலு வரி கோர்வையாக எழுதுவேன் என்று பெயர் எடுத்துவிட்டதால், பதினொன்று வாங்கியவர்கள் சிலர் பதில் எழுத என்னைத் தேடி வருவதுண்டு. பெங்களூரில் நம்மவர்களுக்கு என்னால் ஆன உதவி அது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் என் நண்பர். ஊரும் பெயரும் வேண்டாம். வேலைக்குத் தாமதமாக வந்தார் என்று அவருக்கு ஒரு வருட இன்கிரிமெண்டை நிறுத்தி உத்தரவு வந்தது. மனிதர் கொதித்துப் போனார். "நான் பதில் கொடுத்தேனே, அதைப் படித்துப் பார்த்தாரா? என் பக்கத்தைக் கேட்காமல் தண்டிக்க அவர் யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய விதியில் இடம் உண்டு. இருவரும் உட்கார்ந்து மூன்று இரவு எழுதினோம். மேல்அதிகாரி மனுவைப் படித்தார். இன்கிரிமெண்ட் வெட்டு ரத்தாகி, வெறும் கண்டனத்தோடு போயிற்று. நண்பர் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே ஒரு நாள் இரவு அவர் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். போய்க் கதவைத் தட்டினேன். நண்பரின் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்புக்கு முடியாத தன் தாயாருக்கு 500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சேர்த்த பணம். "என்னைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கையை நீட்டிவிட்டார் நண்பர்.

"இது குடும்ப விஷயம், நீ போ" என்றார் என்னிடம்.

அந்த அம்மாள் அழவில்லை. "அண்ணே, அவருக்குப் பதில் எழுதப் பத்து நாள் கொடுத்தாங்களாமே. எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்திருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. பேசாமல் வீடு வந்து சேர்ந்தேன். இந்தக் கட்டுரை அன்று சொல்லாமல் விட்ட பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதிப் புத்தகம் என்ன சொல்கிறது?

அலுவலகத்தில் நமக்குள்ள பாதுகாப்பை நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். அதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

என்ன தவறு செய்தாய் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். பெரும் தண்டனை என்றால் விசாரணை நடத்த வேண்டும். சாட்சியை நாம் குறுக்கு விசாரணை செய்யலாம். நமக்காகப் பேசச் சக ஊழியர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். தண்டனை கொடுத்தால் காரணம் எழுத வேண்டும். அதன் மேல் மேல்முறையீடு உண்டு. நம்மை வேலைக்கு நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட எவரும் நம்மை வேலையை விட்டு நீக்க முடியாது. இது அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு தரும் பாதுகாப்பு.

இன்னொன்று. தற்காலிகப் பணி நீக்கத்தில் இருக்கும் ஊழியருக்குக்கூடப் பிழைப்பூதியம் உண்டு. முதலில் அரைச் சம்பள விடுப்புக்கு உரிய தொகை கிடைக்கும். அவர் மேல் என்ன குற்றச்சாட்டு இருந்தாலும் அவரும் அவர் பிள்ளைகளும் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அதன் கருத்து.

அந்த விதிகளில் தண்டனைகளின் பட்டியல் இருக்கிறது. கண்டனம், பதவி உயர்வு நிறுத்தம், இன்கிரிமெண்ட் வெட்டு, பாஸ் நிறுத்தம் என்று தொடங்கி, டிஸ்மிஸ் வரை போகிறது. எத்தனை முறை புரட்டினாலும் 'அடி' என்ற தண்டனை அதில் கிடையாது. எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் கடைசி நிலை ஊழியரை ஒரு தட்டுத் தட்ட முடியாது. தட்டினால் அன்றைக்கே சங்கக் கொடி வாசலில் நிற்கும்.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறக்கிறது. குற்றச்சாட்டுக் கிடையாது, அவகாசம் கிடையாது. சண்டை வந்தால் வீட்டுச் செலவுக்குப் பணம் கிடையாது. பணி நீக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கும் பிழைப்பூதியம்கூட மனைவிக்கு இல்லை. "உன் அம்மா வீட்டுக்கு இனிமேல் போகக் கூடாது" என்கிறோம். அதுதான் பாஸ் கட். எத்தனை மாதத்துக்கு என்று நாமும் சொல்வதில்லை, அவளும் கேட்க முடிவதில்லை.

ரெயில்வேக்காரர்களுக்கு 14(2) என்ற விதி நன்றாக ஞாபகம் இருக்கும். விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அதிகாரி காரணம் எழுதிவிட்டால், விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அது. 1981-ல் லோகோ ஊழியர் போராட்டத்தின்போது பலர் அப்படித்தான் வேலை இழந்தார்கள். 1985-ல் துளசிராம் பட்டேல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்த அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. போராட்டத்தில் வேலை இழந்தவர்களுக்கு 1993-ல்தான் அதே கோர்ட்டில் நிவாரணம் கிடைத்தது. நடுவே போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்? கறுப்பு விதி என்று சங்கங்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. சரிதான். ஆனால் அந்தக் கறுப்பு விதிகூட, 'காரணத்தை எழுது' என்கிறது. நம் வீடுகளில் தினந்தோறும் அதைவிடக் கறுப்பான விதி நடக்கிறது.

அதிகாரம் யார் கொடுத்தது?

"குடும்பம் என்ன ஆபீசா? ஒரு தலைமை இருந்தால்தான் குடும்பம் ஓடும்" என்று நண்பர்கள் வாதாடுவார்கள். வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். அப்படியானால் ஒரு கேள்வி. அந்தத் தலைமையை நமக்குக் கொடுத்தது யார்? நியமன உத்தரவு எங்கே?

திருமணத்தன்று இருவரும் ஒரே மணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவளை நான் நியமிக்கவில்லை. ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய அண்ணா காலத்து 1967-ம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அதைத்தான் கேட்கிறது. உற்றார் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னாலே போதும். இதில் மேலதிகாரி யார், கீழ் ஊழியர் யார்?

கணவன் மனைவிக்கு எஜமானன் என்ற எண்ணத்தைச் சுப்ரீம் கோர்ட்டும் 2018-ல் நிராகரித்துவிட்டது. பிறர் மனை சேர்தல் குற்றம் என்ற 497-வது பிரிவை ரத்து செய்த வழக்கு அது. கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமில்லை, இல்லாவிட்டால் குற்றம் என்று மனைவியைக் கணவனின் உடைமைபோல் வைத்திருந்த பிரிவு அது. ஒழுக்கம் வேண்டாம் என்று கோர்ட்டு சொன்னதாகச் சிலர் கேலி பேசினார்கள். பெண் ஒருவனுடைய பொருள் அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

குடும்பத் தலைவர் யார் என்பதற்குச் சர்க்காரின் காகிதமே இப்போது வேறு பதில் சொல்கிறது. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்தில் 18 வயது நிறைந்த மூத்த பெண்தான் ரேஷன் கார்டுக்குக் குடும்பத் தலைவர். 2023 ஆகஸ்டில் இங்கே கர்நாடகத்தில் 'கிருஹலட்சுமி' திட்டம் தொடங்கியபோது மாதம் 2,000 ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்குக்கு என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் தொடங்கியது.

பணம் அவள் கணக்குக்குப் போகிறது. ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது? இதை நம் தெருவில் வீடு வீடாகக் கேட்டால் பல ஆண்கள் தலையைச் சொறிவார்கள்.

ஓசூர் சாலையில் ஜெயித்தவர்கள்

2016 ஏப்ரலில் நடந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேமநல நிதியில் முதலாளி போடும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. கார்மெண்ட்ஸ் கம்பெனிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். ஊரே நின்றது. நடுவில் கல்வீச்சு, தடியடி எல்லாம் நடந்தது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இரண்டே நாளில் மத்திய அரசு உத்தரவை வாபஸ் வாங்கியது. பெரிய பெரிய சங்கங்கள் மாதக்கணக்கில் போராடினாலும் கிடைக்காத வெற்றி அது.

டெல்லியைப் பணிய வைத்த அந்தப் பெண்களில் எத்தனை பேர் அன்று இரவு வீட்டுக்குத் திரும்பி, சம்பள அட்டையைக் கணவனிடம் கொடுத்துவிட்டுப் பஸ் காசுக்குக் கை நீட்டியிருப்பார்கள்? சம்பாதித்தால் பெண்ணுக்கு மதிப்பு வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். சம்பாதித்ததைத் தன் கையில் வைத்திருக்க முடிந்தால்தான் மீதிப் பாதி.

தங்கவயலைப் பாருங்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரே நாளில் நிலைகுலைந்தன. இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரெயிலில் ஆண்களோடு பெண்களும் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிறார்கள். வேலை போன ஆணின் வருத்தம் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கூலி கொண்டுவரும் பெண்ணின் முதுகில் அந்த வருத்தத்தை இறக்கினால், அது எந்த ஊர் நியாயம்?

கணக்கு சொல்லும் கதை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது. திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், கணவனால் உடல் அல்லது பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாடு முழுவதும் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38. நாம் குடியிருக்கும் கர்நாடகத்தில் 44. பெரியார் பிறந்த நாட்டுக்காரர்கள் என்றும், பெண் கல்வியில் முன்னே நிற்கிறோம் என்றும் மார்தட்டும் நமக்கு இந்த 38 தலைகுனிவு. பெரியார் 1929-லேயே செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட வைத்தவர்.

அதே ஆய்வில் இன்னொரு கேள்வி. குறிப்பிட்ட ஏழு காரணங்களில் ஏதேனும் ஒன்றுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியா? சரி என்று சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 44. பெண்கள் 45! பெண்கள் அதிகமாகச் சொன்ன காரணம், மாமனார் மாமியாருக்கு மரியாதை தராதது.

இதைப் பார்த்து, "பெண்களே ஒப்புக்கொள்கிறார்களே" என்று குதிக்க வேண்டாம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. அதிகாரம் ஏணிப்படி மாதிரி இறங்குகிறது. அதிகாரி நம்மை ஏசுகிறார். நாம் மனைவியை ஏசுகிறோம். மனைவி பிள்ளையை அடிக்கிறாள். அவளே நாளைக்கு மாமியாரானதும் மருமகளைப் பிடித்துக்கொள்கிறாள். அடிபட்டவள் அடியை நியாயம் என்று சொல்வதற்குக் காரணம், தன் முறை வரும் என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆகவே இது ஆண்களுக்கு மட்டும் சொல்லும் புத்தி அல்ல. தாய்மார்களுக்கும் சேர்த்துத்தான்.

வெளியூரில் இருப்பவளின் நிலை

ஊரில் ஒரு சண்டை என்றால் தாய்மாமன் வருவார். பெரியப்பா அதட்டுவார். அவர்களும் கடைசியில் "பொறுத்துப் போம்மா" என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கேட்க ஒரு ஆள் உண்டு. இங்கே? தருமபுரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் திருமணமாகி வந்த பெண்ணுக்குக் கன்னடம் தெரியாது. பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். போலீஸ் நிலையத்தில் என்ன பாஷையில் சொல்வது? செல்போனும் கணவன் கையில். வெளியூருக்கு வந்தால் ஆணுக்குச் சம்பளம் கூடுகிறதோ இல்லையோ, அதிகாரம் கூடிவிடுகிறது.

அதனால் நம் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை வாங்குகிற அண்ணன் தம்பிகள் மடித்து வைக்காமல் வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமல்ல. கேவலமாகத் திட்டுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் அதில் வன்முறைதான். மனைவிக்கு மட்டுமல்ல, தாய்க்கும் சகோதரிக்கும்கூட அந்தச் சட்டம் பொருந்தும். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை.

முக்கியமாக நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கலாம். தாய்வீட்டுக்குப் போய்விட்ட பெண் தருமபுரி கோர்ட்டிலேயே தமிழில் பேசலாம். வழக்குக்காகப் பெங்களூருக்கு ஓடி வர வேண்டியதில்லை. கணவன் வீட்டாரின் கொடுமை பற்றிய கிரிமினல் புகாருக்கும் அப்படித்தான் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முன்பு 498-ஏ என்று இருந்த அந்தப் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவாக இருக்கிறது. அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181. போலீசுக்கு 112.

"இந்தச் சட்டத்தைப் பொய்யாகப் பயன்படுத்துகிறார்களே" என்பீர்கள். அப்படியும் நடக்கிறது. அதனால்தான் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில், புகார் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது, அவசியம் இருக்கிறதா என்று பார் என்று சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. கவனித்தீர்களா? ஆணைத் தண்டிக்கும் முன் அவன் பக்கத்தைக் கேள் என்கிறது சட்டம். அதையேதான் நாமும் வீட்டில் செய்யச் சொல்கிறேன்.

என் வீட்டிலும்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் தப்பித்துக்கொள்வது முறையல்ல. அன்று இரவு நண்பர் வீட்டிலிருந்து திரும்பி வந்து என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "அடிக்கிறது தப்பு" என்று நீளமாகப் பேசினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "போன வருஷம் என் தம்பி கிரகப்பிரவேசத்துக்கு என்னை ஏன் அனுப்பல?"

ஒரு சின்னச் சண்டை. நான் கை நீட்டவில்லை. பதினொரு நாள் பேசாமல் இருந்தேன். ஊருக்குப் போகவும் சம்மதிக்கவில்லை. அவள் தம்பி வாழ்க்கையில் ஒரே ஒரு வீடு கட்டினான். அந்த நாள் திரும்ப வராது. அடிக்காதவன் நல்லவன் என்று நானே எனக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்கில் அது பாஸ் கட்டாகவே பதிவாகியிருக்கிறது. மேல்முறையீடு செய்ய அவளுக்கு அதிகாரி இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி" என்றாள். அந்தச் "சரி"யை ஏற்றுக்கொள்கிற தகுதி எனக்கு இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் காரணத்தைச் சொல்வோம். பதிலைக் காது கொடுத்துக் கேட்போம். கையும் பட்டினியும் பூட்டும் தண்டனைப் பட்டியலில் இல்லை என்பதை மனத்தில் வைப்போம். அவள் உழைத்த காசு அவள் கையில் இருக்கட்டும். நாம் தவறு செய்யும்போது அவளும் நம்மைக் கேள்வி கேட்கட்டும். இதனால் குடும்பம் உடைந்துவிடாது. இத்தனை விதிகள் இருந்தும் ரெயில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

நண்பர் இப்போது என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தால் இன்னும் கோபப்படுவார். அவருக்கு மறுபடியும் பதினொன்று வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். வந்து, என்னிடம் வந்தாலும் தட்டாமல் எழுதிக் கொடுப்பேன். ஆனால் பேனாவைத் திறப்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: அந்த 500 ரூபாய்க்கு, வீட்டில் பதில் கேட்டாயிற்றா?